ஏற்றிய லோட்டுக்கு கென்சல் இல்லை

ஜிப்ரி மாஸ்டர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. அதனால்தான் சொன்ன ஒரே பொய்யிலேயே வசமாக மாட்டிக்கொண்டார்.

ஏறாவூரில் அவர் குடியிருப்பது மனைவி நிஸ்றாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். அந்த வீட்டில் மாஸ்டருக்கென்று இருந்தது முன்னறையும் அதிலிருந்த கொம்பியூட்டரும் மட்டுமே. பாடசாலை விட்டு வந்ததும் அதில் கோச்சி ஓட்டுவார். ரயில் விளையாட்டுத்தான். மரம், சிமெந்து, எண்ணெய் என்று சரக்கு ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் நிஸ்றா தேங்காய் வாங்கிவரச் சொன்னபோதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது.

“ஏலா புள்ள. லோட் ஏத்திட்டன். ஏத்தினா கொண்டு சேர்க்கத்தான் வேணும். கென்சல் இல்ல.”

“நடுவுல விட்டா?”

“லைசன்ஸ் போயிரும்.”

பாவம், நம்பினாள். தானே கடைக்குப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் விளக்குமாறு அசைந்தாலே மாஸ்டர் ஒரு லோட் ஏற்றிவிடுவார். கென்சல் பொத்தான் திரையின் மூலையில் சிவப்பாக இருந்தது. அதன் மேல் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி வைத்தார்.

நிஸ்றா சண்டை பிடிக்கவில்லை. பின்னால் வந்து நின்று மெதுவாக ஏதாவது கேட்பாள். மாஸ்டர் திரும்பாமலே “ம்” என்பார்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து நாற்பது பெட்டியோடு மலையேறிக்கொண்டிருந்தார். வாசலில் லொறிச் சத்தம்.

“இஞ்செருங்க, லொறி வந்திட்டு. ஓட்டமாவடிக்குப் போய் எங்கட உம்மாட சாமானெல்லாம் ஏத்திட்டு வாங்க. உம்மாவையும்.”

“எதுக்கு?”

“தங்கச்சி குடும்பம் கட்டாருக்குப் போகுதே. உம்மா இனி நம்மளோடதான். முன்னறையக் குடுப்பமா எண்டு கேட்டன். ம் எண்டீங்க.”

மாஸ்டர் முதல் முறையாகத் திரையை விட்டுத் திரும்பினார். “காதுல விழல்ல புள்ள. அத விடு.”

“எப்பிடி விடுற? ஏத்தின லோட்டுக்கு கென்சல் இல்ல எண்டு நீங்கதானே சென்னீங்க.”

அறை போனால் கொம்பியூட்டர் எங்கே போகும்? குசினி அடுப்படிக்கா, கோழிக்கூட்டுக்கா? பொய்யைக் காப்பாற்றினால் அறை போகும், உண்மையைச் சொன்னால் மானம் போகும். மாஸ்டர் மானத்தை விட்டார். திரையில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்தார்.

“கென்சல் இரிக்கி புள்ள. நான் பொய் சென்னன்.”

நிஸ்றாவின் முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை.

“தெரியும். போன மாசம் தூசி தட்டக்குள்ள கழண்டு விழுந்திச்சி. நான்தான் திரும்ப ஒட்டி வெச்சன்.”

“மறுகா ஏன் ஒண்டும் கேக்கல்ல?”

“கேட்டா உங்கட ‘ம்’ கிடைக்காதே.” போனை நீட்டினாள். “கென்சல் எண்டு உம்மாட்ட நீங்களே செல்லுங்க.”

“மகன், அலுமாரியெல்லாம் கட்டி வெச்சிட்டன். சுணங்காம வாங்க,” என்றது மாமியின் குரல்.

“ஓம் மாமி, வாறன்,” என்றார் மாஸ்டர்.

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு லொறியில் ஏறியவர், கடைசி ஆசையாகத் திரும்பிக் கெஞ்சினார். “கோச்சி நடுமலையில நிக்கிது புள்ள. நான் வாற வரைக்கும் தொடாத.”

“அத இப்பதான் கென்சல் பண்ணினன்,” என்றாள் நிஸ்றா. “லைசன்ஸ் ஒண்டும் போகல்லயே.”