பாலைத் தண்ணீராக்கிய பால்காரர்

இதை எழுத நாலு வருசமாகத் தயங்கினேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் கூட்டித் துடைத்தவள், ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவள், சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனாலும் சொல்கிறேன்: பினாங்குத் தீவில் பாலைத் தண்ணீராக்கி, அதே தண்ணீரை மறுபடி பாலாக்கிய மனுசர் எங்கள் பால்காரர் ஒருவர்தான்.

பால் விற்பவர் இல்லை, அந்த ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்கிறவர்; பால்காரர் என்பது நாங்கள் வைத்த பேர். தீவின் அந்தப் பக்கம் பாலிக் புலா ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். பேய்க்கும் அஞ்சாதவர், பஸ் நம்பரை மட்டும் பக்கத்து ஆளிடம் கேட்டுத்தான் ஏறுவார்.

அவருடைய பாத்திரம் தடித்த இரும்பு. பக்கவாட்டில் காசு அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே ஏதோ ரசாயனம் கரைத்த தண்ணீர். லேசாகச் சூடு காட்டினால் பாலாக வெளுக்கும். சூட்டைக் குறைக்காமலே பம்பால் அழுத்துவார். வெள்ளை கலைந்து தெளியும். முதல்முறை பார்த்தபோது உள்ளிருந்து யாரோ கண் திறந்த மாதிரி இருந்தது. தண்ணிமலை முருகா என்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

"பேய் இல்ல அக்கா. சூடு வந்தா உள்ள கரைஞ்சது தண்ணிய உதறிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அமுக்கினா திரும்பத் தண்ணியோட சேர்ந்துக்கும்."

"ரொம்ப அமுக்கினா?"

"மறுபடியும் வெளுக்கும் லா. அதுக்கும் ரோசம் இருக்கு."

ஒவ்வொரு தடவையும் என்ன தெரிகிறதென்று என்னைத்தான் கேட்பார். வெள்ளையா தெளிவா என்பதையும் பம்பு முள் காட்டும் எண்ணையும் நான் சொல்வேன், வாத்து முட்டை அளவு எழுத்தில் நோட்டில் குறிப்பார். கூட்டுகிறவளைக் கேலி செய்கிறார் என்றார்கள் மற்றவர்கள். அந்த வெள்ளை பேயாக என்னைப் பிடித்துவிட்டதா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன் நான்.

பயம் தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தக் கண்ணாடியில் கனமாகத் திருநீறு பூசிவைத்தேன். அவர் வந்தார், அழுத்தினார், கேட்டார். வாசலில் நின்றபடியே வெள்ளை என்றேன். இன்னும் அழுத்தினார். வெள்ளைதான் என்றேன். பம்பு முனகியது, முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. அப்போதுதான் உறைத்தது, நான் பார்த்துச் சொன்னது என் திருநீற்றையே. ஓடிப்போய்த் துடைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் தெளிந்த தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து வெள்ளை திரும்பி எழும்பியது.

அதைவிடப் பயம் ஒன்று. அவர் முகம் அந்தக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திருநீறு அவருக்குத் தெரியவே இல்லை. அன்றுதான் அவர் கண்ணை உற்றுப் பார்த்தேன். இரண்டும் நடுவில் வெளுத்திருந்தன.

பம்பை நிறுத்தினார். "புரொபசர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. வேலை போயிடும். கண் ஆபரேசனுக்கு நாள் குடுத்துட்டாங்க."

நோட்டில் அன்றைய பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். ஆபரேசன் வரைக்கும் நான் பயந்துகொண்டே பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னேன், திருநீற்றை என் நெற்றிக்கு மட்டும் வைத்துக்கொண்டு.

முருகன் கைவிடவில்லை. திரும்பி வந்தவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அக்கானு கூப்பிட்டது சரிதான். வயசாயிடுச்சு லா உங்களுக்கு." சிரித்தபடியே அழுதேன்.

இப்போது அவர் ஓய்வில் இருக்கிறார். எழுதச் சொன்னதும் அவரே. நீங்களும் இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: அந்த எண்களை எழுதியது அவர் கை, பார்த்தது என் கண். ஒன்றுகூடப் பொய் இல்லை.