தலைக்கனம் பற்றி அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமென்றே நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லியிருக்கப் போவதில்லை. வீடு மாறியதையே ஊருக்கெல்லாம் சொன்ன பிறகுதானே எனக்குச் சொன்னீர்கள். அது போகட்டும்.

நீங்கள் சிபாரிசு செய்த களிமண் வகுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன ஞாயிறு மகளை விடப் போனேன். மனித உருவம் செய்யும் பாடமாம். மாதிரிக்கு உட்கார வேண்டியவர் வரவில்லை என்று டீச்சர் என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டார். சுற்றிலும் ஆறேழு வயது வாண்டுகள். முதுகலைப் பட்டம் வாங்கியவனை "மாமா, ஆடாதீங்க!" என்று அதட்டுகின்றன. "டீச்சர், இவருக்குக் கழுத்து எங்க இருக்கு?" என்று ஒன்று தேடுகிறது. திரும்பிப் பதில் சொல்லவும் முடியாது. திரும்பினால் மூக்கு இடம் மாறிவிடுமாம். எனக்கோ, முதுகுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என் முகத்துக்கு என்ன செய்யும் என்று ஒரே ஆவல். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து டீச்சரின் குரல்: "தலைக்கனம் ஜாஸ்தியாயிடுச்சு. அதான் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் குறைச்சாத்தான் உருப்படும்."

சுர்ரென்று ஏறியது எனக்கு. எழுந்தே விட்டேன். "இதெல்லாம் எங்க அத்தான் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டும் விட்டேன்.

"ஐயோ சார், நான் பொம்மையைச் சொன்னேன்!"

பலகையில் ஒரு களிமண் ஆள் தலை பாரம் தாங்காமல் குப்புறக் கிடந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்? இவரைத்தானே செய்யுறோம்?" என்றது ஒரு வாண்டு. வகுப்பே சிரித்தது, என் மகளும்தான்.

ஆகவே அவளை நிறுத்திவிட்டேன். சேர்த்துவிட்ட நீங்களே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்தியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஒன்றை இப்படி மனதிலேயே வைத்துக்கொள்ளும் குணம் யாரிடமிருந்து வந்ததோ, எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கும், முறைக்காக.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: டீச்சரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது மகள் வந்து என் உதட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "என் பொம்மைக்கு வாய் மட்டும்தாம்பா பாக்கி. ஞாயித்துக்கிழமை வந்து உக்காருவீங்களா?" என்றாள். சிரித்த வாயா, சும்மா இருக்கிற வாயா என்று கேட்டேன். "ரெண்டும் செஞ்சு காட்டுங்க. எது உங்களோடதுன்னு பாக்குறேன்" என்றாள். காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியலையேப்பா" என்கிறாள். எனக்கும் தெரியவில்லை அத்தான். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.