கடற்காட்டில் வெட்டிய தோரணம்

கோபக்காரனை ஊர் மன்னித்துவிடும், சோம்பேறியைக்கூட மன்னித்துவிடும். பொறாமைக்காரனைப் பார்த்து மட்டும் சிரிக்கும். எழுபதுகளில், ஓமானின் தெற்குக் கரையில் மிர்பாத் என்ற மீனவ ஊரில், என்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்தார்கள்.

அங்கே அரசு மீன்வளத் துறையின் சின்ன அலுவலகத்தில் நான் வரைபடம் போடுகிறவன். உடன் வேலை பார்த்தவன் பாலு, தூத்துக்குடிக்காரன். (மதுரையில் பிறந்த நான் வைகையில் தண்ணீரைப் பார்த்ததே அபூர்வம், அவனோ மீனுக்கே நீச்சல் சொல்லிக்கொடுப்பான்.) கடலுக்குள் மூழ்கி கெல்ப் காட்டை அளந்து வருவது அவன் வேலை. கெல்ப் என்பது ஆளுயரத்துக்கு வளரும் கடற்பாசி. மீன்குஞ்சுகளுக்கு வீடே அதுதான். நங்கூரமும் வலையும் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அழிந்த இடத்தில் திரும்ப வளர்க்கவும் மிச்சத்தைக் காக்கவும் அரசிடம் நிதி கேட்டிருந்தோம். மஸ்கட்டிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்வார். நிதி வந்தால் திட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர். பொறுப்பாளருக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ்.

அந்த வீடு எனக்கு வேண்டும். கல்யாணமான கையோடு சரோஜாவை மதுரையில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன் நான். பாலு கட்டைப் பிரம்மச்சாரி, அவனுக்கு எதற்குச் சமையல்கட்டு? ஆனால் எங்கள் ஓமானிய மேலாளர், முதீர் என்போம், எதற்கெடுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார். அவன் அரபியில் ஒரு ஜோக் அடித்தால் தொப்பை குலுங்கச் சிரிப்பார். அதே ஜோக்கை நான் சொன்னால், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். எனக்கு வயிறு எரிந்தது. அவன் தலைமுடியைப் பார்த்தால்கூட எரிந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் முதீர் வேலையைப் பிரித்தார். ஜீப்பில் போய் அழைத்துவருவதும் படகில் கூட்டிப்போய்க் காட்டுவதும் பாலு. அலுவலக வாசலில் நின்று வரவேற்பது நான். வாசல்தானே? அந்த மனுஷனை வாசலிலேயே அசரவைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன்.

பெரிய மனிதர் வந்தால் வாழைமரம் கட்டி மாவிலைத் தோரணம் போடாமல் நமக்குக் கை சும்மா இருக்குமா? மிர்பாத்தில் மாவிலைக்கு எங்கே போவது? அப்போதுதான் அந்த அபார யோசனை உதித்தது. வருகிறவர் பார்க்க வருவதே கெல்ப். அதிலேயே கட்டிவிட்டால்?

கரையில் ஒதுங்கியது வாடிக் கிடந்தது. இரண்டு மீனவர்களைப் பிடித்து, "பக்கத்திலேயே, செழிப்பாகப் பார்த்து, அடியோடு வெட்டி வாருங்கள், சீக்கிரம், யல்லா!" என்றேன். காலையில் படகு நிறையக் கொண்டுவந்தார்கள். வாசலின் இருபுறமும் வாழைமரம்போல் நிறுத்தி, நடுவில் தோரணமும் தொங்கவிட்டேன். வெயில் ஏறியதும் நாற்றம் வந்தது, பின்னாலேயே ஈக்கள் வந்தன. (கூட்டம் கூடினால்தானே விசேஷம் என்று தேற்றிக்கொண்டேன்.)

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார், "இது என்ன இலை?"

பாலு வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "நீங்கள் காப்பாற்றப்போகும் கெல்ப் இதுதான் ஐயா! இன்று காலையில் வெட்டியது. புத்தம்புதுசு!"

பாலு என் காதோரம் வந்தான். "அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டிய? எங்கேருந்து வெட்டுனாவ?"

"பக்கத்துலதான்டா. ஏன், பொறாமையா இருக்கா?"

அவனைத் தனியாகப் படகில் விட மனம் வருமா? அதிகாரியும் முதீரும் ஏறியதும் நானும் ஏறினேன். ஆழமில்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் வைத்துக் கொடுத்தான் பாலு. அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பாறையில் வெட்டுப்பட்ட அடிக்கட்டைதான் இருக்கிறது. இங்கே இருந்த காடுதான் உங்கள் வாசலில் நிற்கிறதா?"

காட்டுவதற்கென்று பாலு பொறுக்கிவைத்திருந்த இடத்தையே என் மீனவர்கள் மொட்டையடித்திருந்தார்கள். முதீர் தன் நெற்றியைத் தட்டி என்னைப் பார்த்து, "மாஃபி முக்!" என்று கத்தினார். மூளையே இல்லை என்று அர்த்தம். மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை. படகின் விளிம்பில் தொங்கி, காலையில் தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாலு படகை அப்பால் செலுத்தி வேறொரு காட்டைக் காட்டினான். அதிகாரி அதைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். "ஒரே ஆள் ஒரே காலையில் இவ்வளவு அழிக்க முடியுமென்றால், இதற்குக் காவல் வேண்டியதுதான்" என்று நிதிக்குச் சம்மதித்தார். பொறுப்பாளர் பாலு. என் கதை கலாஸ்!

குவார்ட்டர்ஸ் சாவி கிடைத்த அன்றே பாலு என் ரூமுக்கு வந்தான்.

"எனக்கு எதுக்குண்ணே அவ்வளவு பெரிய வீடு? முதீர்ட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. நான் இங்கன படுத்துக்கிடுதேன். நீங்க மதினிய வரச் சொல்லுங்க."

நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டானே பாவி! வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை சாவியை வாங்கிவிட்டது.

சரோஜா வந்தாள். அந்த வீட்டில்தான் எங்கள் மகன் பிறந்தான். என் அப்பா பெயரை வைக்கலாம் என்றேன்.

"வீடு கொடுத்து என்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு, உங்க அப்பாவா?" என்று கேட்டு, பாலசுப்பிரமணியன் என்று வைத்துவிட்டாள்.

இன்றும் வீட்டில் விசேஷமென்றால், "பாலு, வாழைமரத்தை நீ கட்டுடா, அப்பாவை வெட்ட விடாத" என்று குரல் கொடுப்பாள், வீடே சிரிக்கும். அவனும் என்னைவிட அழகாகத்தான் கட்டித்தொலைக்கிறான்.