அறுநூறு அடி

"வேலியில தப்பில்ல சார். செடிதான் அதுக்கு மேல எட்டிப் பாக்குது," என்றாள் மாரிசோல்.

அவள் கவுன்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தின் ஆய்வாளர். மருந்துக் கஞ்சா வளர்க்க டாக்டர் சீட்டு இருந்தால் போதும் என்று நம்பியிருந்த வெண்டலிடம், செடி ரோட்டில் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி ஆறடி வேலி போட வைத்தவளும் அவள்தான்.

"ஆகஸ்ட் மாசம், வளரத்தானே செய்யும்? குனிஞ்சு நில்லுன்னா நிக்குமா?"

"அது உங்களுக்கும் செடிக்கும் உள்ள விஷயம் சார்."

ஆறே செடிகள். எல்லாம் மனைவி லூயெல்லாவுக்காக. புற்றுநோய் வைத்தியம் அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டு, விரல்களில் தீராத எரிச்சலை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை போட்டால் நாளெல்லாம் வாந்தி. அந்தச் செடியிலிருந்து வெண்டல் காய்ச்சும் எண்ணெய் நாலு சொட்டு நாக்கில் பட்டால்தான் அவளால் கரண்டி பிடிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிக்க முடியும்.

வெண்டல் வேலியை இரண்டடி உயர்த்தினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"ஆறடிக்கு மேலன்னா கட்டட அனுமதி வாங்கணும் சார்."

அனுமதி வருவதற்குள் பனியே விழுந்துவிடும். வேலியை மறுபடி அறுத்துக் குறைத்தான். முதுகு ஒடிய, செடிகளைத் தொட்டியோடு வீட்டுக்குப் பின்புறம் நகர்த்தினான். ரோட்டிலிருந்து ஓர் இலைகூடத் தெரியவில்லை. ஆனால் பின்புறம் கார்த்தின் வீடு.

"யோவ் வெண்டல்! என் பொண்டாட்டி போர்வையெல்லாம் நாறுதுங்கிறா. ராத்திரி என்னைத்தான் மோந்து பாக்குறா!"

மாரிசோல் வந்தாள். "பக்கத்து வீட்டு எல்லையிலேர்ந்து நூறடி தள்ளணும் சார்."

தள்ளினான். கார்த்தின் மூக்கு தப்பித்தது. ஆனால் அந்தப் பக்கம், புல்வெளிக்கு அப்பால் சர்ச். காட்டுத்தீயில் கட்டடம் போனபிறகு, சக்கரம் வைத்த பழைய இழுவை வீடு ஒன்றில்தான் பிரார்த்தனை. இழுவை வீடானாலும் ஆண்டவர் வீடு. அதற்கும் செடிக்கும் இடையே அறுநூறு அடி இருக்க வேண்டும் என்றது விதி. மாரிசோல் அளந்தாள். அறுபதடி குறைந்தது.

"அந்தப் பக்கம் போனா கார்த், இந்தப் பக்கம் வந்தா கர்த்தர். நான் எங்கம்மா போவேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கக்கிழம வருவேன் சார். அப்பவும் இங்க இருந்தா பிடுங்கச் சொல்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. லூயெல்லா புட்டியில் இருந்த எண்ணெயை மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள். அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் கம்பளி உறை மாட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவே வெண்டலுக்குப் பொறுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சர்ச் வாசலில் பாஸ்டர் ஹோரேஸ் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். அந்தச் சர்ச்சுக்கு வரும் கிழவி ஓப்பல் மறுமுனையோடு புல்வெளியில் இவன் வேலி வரை நடந்து வந்து, செடிகளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பாத்தியா லூ? நம்மமேல சாட்சி சொல்ல அளக்குறாங்க! ஒழுகுற கூரைய எத்தன தடவ அடச்சுக் குடுத்திருப்பேன்!"

"போய்க் கேளேன், வெண்டல்."

"நானா? அவங்க வாசல்லயா? செத்தாலும் மாட்டேன்."

"வலி எனக்கு. வீம்பு உனக்கா?"

அப்போதும் அவன் போகவில்லை.

திங்கள் காலை, சர்ச்சுக்குப் போகும் மண்பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஓப்பல் ஓட்டி வந்தாள். பின்னால் சங்கிலியும் கடப்பாரையுமாகப் பாஸ்டரும் இன்னும் சிலரும். வெண்டல் பாய்ந்துபோய்த் தன் டிரக்கைப் பாதையில் குறுக்கே நிறுத்தி, அதன்முன் கைகளை விரித்து நின்றான்.

"ஒரு செடி மேல கை வச்சுப் பாருங்க! அவ கை எரியுறப்போ உங்க ஜெபம் வந்து தடவிக் குடுக்குமா?"

பாஸ்டர் தலைகுனிந்தார். ஓப்பல் இஞ்சினை அணைத்தாள்.

"எதுக்குய்யா கத்துற? வண்டிய ஓரமா எடு. அந்த ஆபீசர் பொண்ணு வர்றதுக்குள்ள சர்ச்ச அறுபதடி தள்ளி இழுத்து நிறுத்தணும்."