இரண்டு பக்கமும் பெயர் போட்ட கத்தி

கத்தி வராத சினிமா குறைவு. அந்தக் கத்திக்கு ஒரு பெயர் இருக்குமே என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் கணவர் சமையல் கத்தி செய்து விற்கிறார். கத்திக்கு 'நிலா' என்று எங்கள் மகளின் பெயரையே வைத்திருக்கிறார். (குழந்தை பெயரைக் கத்திக்கு வைக்கலாமா என்று நான் தூங்காமல் கிடந்தது தனிக்கதை.) திருப்பூணித்துறையின் பெரிய கடைக்காரர், "ஆளுகள் அறியாத பிராண்டு வேண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் எடுக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

ஆளுகள் அறிய என்ன வழி? எங்கள் தெருவில்தான் எப்போதும் ஷூட்டிங் நடக்கிறதே! செட் சாமான்களைக் கவனிக்கும் ஷாஜி சேட்டனைப் பிடித்தேன்.

"கொலை சீன் உண்டு சேச்சி. பக்ஷே அதுக்கு ரப்பர் கத்தி மதி, அது போதும்."

"கொலையெல்லாம் வேண்டாம் சேட்டா, பிள்ளை பேரு வெச்சிருக்கு. மீன் வெட்டுற சீன் எதாவது?"

சிரித்தார். நான் விடவில்லை. நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் போய் நின்றேன். கடைசியில் அவருக்கே அலுத்துப்போனது.

"ஒரு அடுக்களை சீன். மாமியாரும் மருமகளும். பேரு கேமரால காணும். பக்ஷே சேச்சி வாய் திறக்கக் கூடாது, கேட்டோ?"

(அது ஒரு பெரிய விஷயமா?)

பழைய மிளகுக் கிடங்கில் படப்பிடிப்பு. விளக்கொளியில் 'நிலா' பளபளத்தது. மருமகளாக நடித்தவர் மீனை வெட்டி முடித்து, கத்தியை மாமியாரின் கையில் கொடுக்க நீட்டினார்.

எங்கள் வீட்டில் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். வாய்க்கு அது தெரியவில்லை.

"ஐயையோ, கீழ வெச்சுக் குடுங்க!"

"கட்! ஆரா அது?" என்றார் டைரக்டர்.

"அம்மா!" என்று நிலா என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

திக்கித் திணறிக் காரணம் சொன்னேன். ஷாஜி சேட்டன் தலையில் கை வைத்தார். மாமியாராக நடித்தவரோ, "சரியாணு. எங்க வீட்டிலும் கையில தரமாட்டோம்" என்றார்.

டைரக்டர் யோசித்தார். "கொள்ளாமல்லோ, நல்லா இருக்கே! அப்படியே எடுக்கலாம்."

மருமகள் கத்தியைப் பலகையில் வைத்தார். பெயர் போட்ட பக்கம் அடியில்.

திருப்பி வைக்கச் சொல்லலாமா? வாயைத் திறந்தேன். ஷாஜி சேட்டன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

படம் வந்தது. குடும்பத்தோடு போனோம். திரை நிறைய எங்கள் கத்தி, பெயரே இல்லாமல், வழவழவென்று. பாப்கார்னை என்னிடம் நீட்டப் போன கணவர் சட்டென்று நிறுத்தி, இருக்கைக் கைப்பிடியில் வைத்தார்.

"எடுத்துக்கோ."

அதற்குப் பிறகு எங்கள் கத்திகளில் இரண்டு பக்கமும் பெயர். முதல் கத்தியை நானே திருப்பூணித்துறைக்கு எடுத்துப் போய், மானத்தை விட்டு முழுக்கதையும் சொன்னேன். கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஒரு பெட்டி கத்திக்கு ஆர்டர் கொடுத்தார். எதற்கு இரண்டு பக்கமும் பெயர் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்றும் அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறாராம்.

நிலா பள்ளிக்கூடம் போகிறாள். பென்சிலைக் கேட்டால் தரையில் வைத்துவிட்டு, "கட்!" என்கிறாள்.