வளைத்துறைக் கோட்டையின் பெருமை கைமாறியது

ஒரு காட்டில் அண்ணன் சிங்கமும் தம்பிச் சிங்கமும் அரியணைக்காக அடித்துக்கொண்டன. காடே இரண்டு கட்சியானது. ஆறு திரும்புகிற இடத்தில் மதில் சூழ்ந்து நின்றது வளைத்துறை. எந்தப் படகும் அந்த மதிலின் கீழேதான் போயாக வேண்டும். அங்கே கோட்டைத் தளபதி வீரபத்திரன் என்ற உடும்பு.

"வளைத்துறை யார் கையிலோ, காடு அவர் கையில்" என்று டிவியில் கிளி சொன்னதிலிருந்து வீரபத்திரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு மதில்மேல் உலாத்தினார்.

பிறகு அண்ணன் படை ஊரைக் காப்பாற்ற வந்து மேலத்தெருவைக் கொளுத்தியது. அதனிடமிருந்து காப்பாற்ற வந்த தம்பி படை கீழத்தெருவைக் கொளுத்தியது. ஆள் போதவில்லை, கூட்டி வருகிறோம் என்று இரண்டும் திரும்பிப் போயின.

வீரபத்திரனின் மனைவி பொன்னாயி முட்டைகளை அணைத்தபடி சொன்னாள்: "இன்னொரு தடவை காப்பாத்த வந்தாங்கன்னா நாம யாரும் மிஞ்ச மாட்டோம். ஏதாவது பண்ணுங்க."

வீரபத்திரன் முட்டைகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கத்து ஊரான மேட்டுத்துறைக்குப் போன் போட்டார். அந்த ஊர்த் தளபதி மாசிலாமணி என்ற குரங்கு. தன் ஊரை எந்தச் சேனலும் காட்டுவதில்லை என்று வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, எங்க ஊரு வெறும் வாய்ப்பேச்சு. உங்க மேட்டுல ஒரு பீரங்கி ஏறினா ஆறே உங்க சொல்படிதான் ஓடும்."

"இதைத்தாண்ணே நானும் நாயா கத்திக்கிட்டிருக்கேன்!" என்றது குரங்கு.

மறுநாளே அது டிவியில் பேட்டி கொடுத்தது. இரண்டு படைகளும் மேட்டுத்துறைப் பக்கம் திரும்பின. ஊர் சாம்பலானது. மாசிலாமணி மதில்மேல் நின்று கடைசிவரை சண்டை போட்டு உயிரை விட்டது. செய்தி கேட்ட அன்று வீரபத்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. வளைத்துறையில் முட்டைகள் நல்லபடியாகப் பொரிந்தன.

ஒருவழியாகச் சிங்கங்கள் சமாதானமாகி, அரியணையில் முறைவைத்து உட்காரலாம் என்று முடிவெடுத்தன. மேட்டுத்துறையில் மாசிலாமணிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவில் வீரபத்திரன் குஞ்சுகளை முதுகில் சுமந்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிலையைப் பார்க்கப் பார்க்க அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"அழாதீங்க. நம்ம புள்ளைங்க பொழைக்கணும்னுதானே செஞ்சீங்க" என்றாள் பொன்னாயி.

"அதுக்கில்லடி" என்று மூக்கைச் சிந்தினார் வீரபத்திரன். "அந்தப் பீடத்துல நான் நின்னிருந்தா, வாலோட சேர்த்து, இதைவிட எடுப்பா இருந்திருக்கும்."

நீதி: உயிர் பிழைக்க வேண்டுமானால் உங்கள் பெருமையைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுங்கள். சிலை திறப்புக்கு மட்டும் போய்விடாதீர்கள்.