தொட்டுப்பார் சாரும் மூன்று முறை விட்ட நைனாவும்

அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ‘இருபது நாற்காலிகள் வாங்கப்பட்டன’ என்ற பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இருபது நாற்காலியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரைத் தொட்டுப்பார் சார் என்று கூப்பிடுவோம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் தணிக்கை அலுவலர். அரசாங்கப் பணம் செலவான இடத்தில் நிஜமாகவே செலவானதா என்று பார்க்கிற வேலை. மற்ற தணிக்கைக்காரர்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள். இவர் மட்டும் “தொட்டுப் பாத்தியா?” என்று கேட்பார். போர்வெல் போட்டதாக பில் வந்தால் ஊருக்குப் போய் அந்தத் தண்ணீரைக் குடிப்பார். ஒருமுறை அப்படிக் குடித்துவிட்டு நாலு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தார். ஐந்தாம் நாள் வந்து, ‘தண்ணீர் வருகிறது; குடிக்கத் தகுதியில்லை; அனுபவித்தேன்’ என்று எழுதினார். திருப்பதிக்குப் போய் சாமி கும்பிட்டு வந்தவர், பிரசாத லட்டை மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தார் என்பார்கள். எடை சரியாக இருந்ததாம். அன்று முழுக்க யார் மேலும் எரிந்து விழவில்லை.

நான் அந்த சித்தூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவுட்சோர்சிங். அதாவது, வேலை அரசாங்கத்துக்கு, சம்பளம் ஏதோ ஒரு ஏஜென்சிக்காரன் மனசு வைத்தால். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் பெங்களூருக்கும் சத்தியவேடு பாக்டரிகளுக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். என் அண்ணனும் ஏறிவிட்டான். வீட்டில் நானும் நைனாவும்தான்; அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். நைனா வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இடது கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பார்.

அந்தக் கன்னத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. காரம் பட்டால் எரிகிறது என்றார். எங்கள் வீட்டில் பச்சைமிளகாய்த் தொக்கு இல்லாமல் சோறு இறங்காது. நைனா மோர் ஊற்றித் துன்ன ஆரம்பித்தார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, “இப்பவே வுட்டா வாய் தப்பும். வுடலன்னா அறுக்கணும்” என்று சொல்லி, புகையிலை விடுவிப்பு அறைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அறையில் ஒரு கவுன்சிலர் அம்மா இருப்பார், பேசி விட வைப்பார், மருந்தும் தருவார் என்றார்.

போனோம். பூட்டு. கதவில் ஒரு தகரப் பெட்டி, ‘சீட்டை இதில் போடவும்’. போட்டோம். அடுத்த மாதம் புதுச் சீட்டோடு போனோம். பூட்டு. அதற்கடுத்த மாதமும் பூட்டு. மூன்று தடவையும் நைனாவுக்கு ஒரு நாள் கூலி போனது. வாட்ச்மேனிடம் சண்டை போட்டேன். “நான் இன்னாம்மா பண்றது, சாவி ஆபீசர் கிட்ட கீது” என்று அவர் பீடி பற்ற வைத்தார். புகையிலை விடுவிப்பு அறை வாசலில்!

இந்த நேரத்தில்தான், பொங்கல் கழிந்த கையோடு, புகையிலை ஒழிப்புத் திட்டத்தின் கோப்பு எங்கள் சாரின் மேஜைக்கு வந்தது. பள்ளிக்கூடங்களில் போர்டு, ஊர்வலம், பேனர், விடுவிப்பு அறை, எல்லாவற்றுக்கும் பில். மார்ச் முடிவதற்குள் சார் கையெழுத்துப் போட்டால்தான் திட்டத்துக்கு அடுத்த தவணை வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொட்டுப்பார் சார் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர். அவர் சட்டையைத் துவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி இருமும். நான் வாய்விட்டே கேட்டேன்.

“பீடி குடிக்கிற நீங்க இந்த பைலைப் பாக்கலாமா சார்?”

“ஆஸ்பத்திரி பைலைப் பாக்க நோயாளியா இருக்கக் கூடாதுன்னு ரூல் கீதாம்மா? நோட்புக்கை எட்து வை. கெளம்பு.”

முதலில் போர்டுகள். புத்தலப்பட்டு தாண்டி ஒரு பள்ளிக்கூடம். ‘புகையிலை இல்லாத பள்ளி’ என்று சுவரில் தகரப் போர்டு தொங்கியது. சார் தொட்டார், தட்டினார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பீடியை எடுத்து, அதில் கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து, போர்டின் மூலை ஓட்டையில் முடிச்சுப் போட்டார். எதற்கு என்றேன். “சும்மா, நாம வந்த அடையாளம்” என்றார்.

அடுத்த பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸுக்காக நின்றபோது எங்களைத் தாண்டி ஓர் ஆட்டோ பறந்தது. அங்கே போனால் போர்டு இருந்தது. மூலையில் சிவப்பு நூலும் இருந்தது. சார் ‘போர்டு உள்ளது’ என்று எழுதிக்கொண்டார். திருப்பதி பக்கமாகப் போகப் போக, போகிற பள்ளியெல்லாம் எங்களுக்கு முன்னால் நூலோடு போர்டு போய் நின்றது. சாயங்காலம் வடமாலபேட்டை பக்கம் போய்ச் சேரும்போது ஆட்டோக்காரன் இன்னும் ஆணியே அடித்து முடிக்கவில்லை. சார் அவன் தோளில் கை போட்டார்.

“காலையிலேர்ந்து ஓடிக்கினு கீற. எதனா துன்னியா, இல்லியா?”

“இல்ல சார்” என்றான், அழாத குறையாக.

மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அத்தனை பள்ளிக்கு பில் எழுதி, ஒரே ஒரு போர்டை ஆட்டோவில் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். இவர் திருடன் தட்டில் சட்னி ஊற்றுகிறார்.

அதற்கடுத்த வாரம் விடுவிப்பு அறையின் பதிவேடு வந்தது. புகையிலையை விட்டவர்கள் பட்டியல். சார் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். நடுவில் என் விரல் நின்றுவிட்டது. ‘முனுசாமி, வெல்ல மண்டி. ஆறு முறை ஆலோசனை. புகையிலையை விட்டுவிட்டார்.’ அடுத்த மாதப் பக்கத்தில் இன்னொரு முறை விட்டிருந்தார். அதற்கடுத்த மாதம் மறுபடியும். தகரப் பெட்டியில் விழுந்த ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் ஆளைத் திருத்தியிருக்கிறார்கள் பாவிகள். என் நைனா மூன்று தடவை விட்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

கீபோர்டைத் தள்ளிவிட்டு, “இது எங்க நைனா சார்” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “வூட்டுக்குப் போலாம் வா. ஆளைத் தொட்டுப் பாக்கணும்.”

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரி வீடு தேடி வந்து வாயைத் திற என்றால் யாருக்குத்தான் புரியும். திறந்தார். கன்னத்தில் புகையிலை பத்திரமாக இருந்தது.

“மூணு வாட்டி வுட்டுட்டதா எழுதிக் கீதே அண்ணா?”

“ஒரு வாட்டி வுடவே வழியக் காணோம் சார். இவ என்னைக் கூட்டிக்கினு மூணு வாட்டி போனா. கதவே தெறக்கல.”

சார் ரொம்ப நேரம் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தார். வெளியே வந்து பீடி பற்ற வைத்தார். நான் வெடித்தேன். ரிப்போர்ட் எழுதுங்க சார், அந்தத் திட்ட அதிகாரியை உள்ள தள்ளுங்க சார், எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, சாட்சி சொல்கிறேன் என்று தெருவில் நின்று கத்தினேன்.

“எழுதறேன். எழுதினா இன்னா ஆவும்? பண்டு திரும்பிப் போவும். ரூமு பூட்டினபடியே கெடக்கும். அவரு ஒரு பதில் எழுதுவாரு, நான் ஒரு பதில் எழுதுவேன். வருஷக்கணக்கா ஓடும். உங்க நைனா வாய் அதுவரைக்கும் தாங்குமா?”

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று, தனக்கே ஒரு சீட்டு வாங்கினார். பீடிப் பழக்கம், விடுவிப்பு அறைக்கு அனுப்பப்படுகிறார். பெட்டியில் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோப்புகளை அங்கேயே வரவழைத்தார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மாவட்டத்தின் தணிக்கை அந்த வராந்தாவில் நடந்தது.

மூன்றாம் நாள் திட்ட அதிகாரியே காரில் வந்தார். பிளாஸ்கில் காபி, முகத்தில் பால்கோவா.

“ஏமண்டி சார், இக்கட கூர்ச்சுன்னாரு? இங்க எதுக்கு உக்காந்துட்டீங்க? ஆபீஸுக்கு வாங்க, பேசிக்கலாம். ஒரு சந்தகம்தானே, ஒரே ஒரு கையெழுத்து.”

“நான் பேஷண்ட் சார். அம்மா வந்ததும் பாத்துட்டுப் போறேன்.”

“நீங்க அப்ஜக்ஷன் போட்டா பண்டு நின்னுடும். ஏழை ஜனங்களுக்குத்தானே நஷ்டம்?”

ஏழை ஜனங்கள். அந்த வார்த்தையை அந்த வாய் சொன்னதும் காபியைப் பிடுங்கி அவர் வெள்ளைச் சட்டையில் ஊற்றத்தான் எனக்குத் தோன்றியது. சார் அமைதியாகச் சொன்னார்: “நான் அப்ஜக்ஷனும் போடல, சந்தகமும் போடல. குந்திக்கினு கீறேன், அவ்ளோதான்.”

ஒன்பதாம் நாள் கதவு திறந்தது. உள்ளே பிரிக்காத பேனர் கட்டுகளும் கால் ஒடிந்த கட்டிலும் இருந்தன. கவுன்சிலர் அம்மா நிஜமாகவே இருந்தார், சம்பளமும் வாங்கியிருந்தார். அதிகாரி வீட்டில் அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாவம், அந்த அம்மாவுக்கும் அங்கே போவதைத் தவிர வேறு உத்தரவு இல்லை. அறையைப் பார்த்ததும் அவரே துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார்.

ஆறு வாரம், வாரம் ஒரு நாள், நைனாவும் தொட்டுப்பார் சாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதற்காகப் புகையிலை என்று அந்த அம்மா கேட்டார்.

“மூட்டை தூக்கறப்ப பல்லைக் கடிக்கணும் தாயி. கடிக்க எதனா வேணும்” என்றார் நைனா. உலர்ந்த நெல்லிக்காய் கொடுத்தார்கள்.

“எனக்கு பைல் படிச்சா கோவம் வருது” என்றார் சார். கோபம் வந்தால் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் அலுவலகப் பானை மத்தியானத்துக்குள் காலியானது. பீடிக்கட்டும் காலியானது.

மார்ச் கடைசி வாரம் சார் பதிவேட்டை வாங்கினார். நைனாவின் மூன்று பொய் வரிகளையும் சிவப்பு மையால் அடித்தார். புது வரி எழுதினார்: ‘முனுசாமி. விட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.’ அதற்குக் கீழே தன் பெயர். ‘விட்டாரா?’ என்ற கட்டத்தில், ‘இல்லை’.

“உங்களதை மட்டும் வுட்டாருன்னு எழுதி, அப்புறமா வுட்டுடுங்களேன் சார்” என்றேன்.

“அப்புறம் அவங்களுக்கும் எனக்கும் இன்னாம்மா வித்தியாசம்?”

அன்றைக்கே போர்டு, நூல், ஆட்டோ, கணக்குப் பாடம் என்று ஒன்று விடாமல் ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். அறை திறந்து, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இனி அதை அவ்வளவு சுலபமாகப் பூட்ட முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். பலன் என்ன தெரியுமா? அதிகாரிக்குப் பதவி உயர்வு, திருப்பதியில் பெரிய அறை, ஏசி. சாருக்கு நாலு மாவட்டம் தாண்டி மாற்றல், துருப்பிடித்த இரும்புச் சாமான் எண்ணுகிற குடோனில். இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. அறை மட்டும் பூட்டப்படவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். நைனா அவர் எதிரில் உட்கார்ந்து பச்சைமிளகாய்த் தொக்கை ஒரு கை அள்ளிப் பிசைந்து துன்னார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எரிச்சலா என்று சார் பதறினார். “காரம் சார், வெறும் காரம்” என்றார் நைனா. சார் தானும் ஒரு வாய் வாங்கித் தின்று பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

சில வருஷம் கழித்து, சாரின் சொந்த ஊரான நகரியிலிருந்து போன் வந்தது. தொட்டுப்பார் சார் போய்விட்டார், நுரையீரல் என்றார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதிகாரி மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. ஊர் வாயெல்லாம் திறந்து பார்த்த மனுஷன் தன் நெஞ்சை மட்டும் பார்க்கவில்லையே. போன் செய்தவரிடம், பொய் சொல்லாதீங்க என்று கத்திவிட்டேன்.

நைனாவும் நானும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். சட்டையில் அதே பீடி வாசம். யார் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழவில்லை, குனிந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் நம்பினேன்.